திருகாணியும் ட்ரெபிள் குமிழும்

வானொலி நிலையத்தின் கைகழுவும் தொட்டியில் நான்கு பஞ்சுக் குல்லாய்கள் மிதந்துகொண்டிருந்தன. மைக்கின் தலையில் மாட்டுகிற கறுப்புப் பஞ்சுதான். திருகாணி ஒவ்வொன்றாக எடுத்து, சோப்பு நுரையில் அமுக்கி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து ஒத்தி, ஜன்னல் கம்பியில் வரிசையாகச் செருகினார். முறுக்கிப் பிழிந்தால் பஞ்சு கிழிந்துவிடும். அழுக்கேறிய பஞ்சு வழியாகப் பேசினால், குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல இருக்கும் என்பது அவர் கட்சி.

"இந்த ஊர்ல பேசத் தெரிஞ்ச அத்தனை பேர் எச்சிலும் இதுல இருக்கு அக்கா. நீங்களாவது கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பேசுங்க" என்றார் என்னைப் பார்த்ததும்.

"என் எச்சிலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. நீ முதல்ல கையைக் கழுவு" என்றேன்.

வியாழக்கிழமைதோறும் காலை ஆறரைக்கு அந்த நிலையத்தில் எனக்கு அரை மணி நேரம். படுக்கையில் கிடப்பவர்களை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பேசுவேன். முதுகில் புண் வராமல் எப்படிப் புரட்டுவது, விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு எப்படி ஊட்டுவது, அவர் எரிந்து விழுந்தால் திருப்பி எரிந்து விழாமல் இருப்பது எப்படி என்று. முப்பத்துநாலு வருடம் அந்த வேலையைச் செய்தவள் நான். பேச ஆரம்பித்து ஏழு வருடம் ஆகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என் குரலை ஊருக்கு அனுப்புகிறவர் திருகாணி.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. யாரும் அதைச் சொல்வதில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். அது குத்திக் குத்திப் பையின் அடி கிழிந்துபோக, தையல் வேலை செய்கிற அவர் மனைவி எல்லாச் சட்டைக்கும் தோல் ஒட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டாள். முதலில் ரேடியோ பழுதுபார்க்கிற கடையில் வேலை. பிறகு பன்னிரண்டு வருடம் பொதுக்கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி கட்டினார். இரண்டு பெரிய ஸ்பீக்கர்களுக்கு நடுவே நின்று தூங்கியிருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்வார். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் இந்தச் சின்ன நிலையம் தொடங்கியபோது, ஒலிக்கலவைப் பலகையைத் தலையில் வைத்து மாடி ஏற்றியவர் அவர்தான். அன்றிலிருந்து அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். இப்போது வயது ஐம்பத்தெட்டு.

நிலையம் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு முடிதிருத்தும் கடைக்கு மேலே இரண்டு அறை. உள்ளறையில் சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை அறைந்திருக்கிறார்கள், எதிரொலி வராமலிருக்க. அதன் கதவு தொங்கிப்போனது. கைப்பிடியைத் தூக்கி, இடுப்பால் ஓர் இடி இடித்தால்தான் மூடும். வெளியறையில் கலவைப் பலகை, கணினி, ஒலிபரப்பி. மொட்டைமாடியில் கம்பம். இந்தப் பக்கம் பாலம் வரைக்கும், அந்தப் பக்கம் செங்கல் சூளை வரைக்கும் கேட்கும். அதைத் தாண்டினால் வெறும் இரைச்சல்.

காலை ஐந்தரைக்குத் திருகாணி வருவார். ஒலிபரப்பியைப் போட்டு, அதன் விலாவில் உள்ளங்கையை வைத்து, உள்ளே காற்றாடி ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று பார்ப்பார். காய்ச்சல்காரக் குழந்தையைத் தொட்டுப் பார்ப்பது போல இருக்கும். ஆறு மணிக்குச் செய்தி. ஆறு பத்துக்கு, முன்பே பதிவு செய்த விவசாயப் பேச்சு, பதினெட்டு நிமிடம். அதை ஓடவிட்டதும் மனிதர் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவிக் கீழே போவார். சலூன்காரர் ஷிப்டுக்குப் போகிறவர்களுக்காக ஆறு மணிக்கே கடை திறப்பவர். அவர் அலமாரியில், செங்கல் அளவில், ஷேவிங் நுரை தெறித்த ஒரு பிளாஸ்டிக் ரேடியோ இருக்கும். திருகாணி கதவருகில் நின்று, தலையைச் சாய்த்து அரை நிமிடம் கேட்பார். மறுபடி ஓடி வருவார்.

"ஸ்டுடியோவுல நல்லாக் கேட்டு என்ன பிரயோஜனம்? கேக்கறவன் வீட்டுல எப்படிக் கேக்குதுன்னு பார்க்கணும். அந்த டப்பாவுல தெளிவா இருந்தா எந்த டப்பாவுலயும் தெளிவா இருக்கும்" என்பார்.

கேட்டு வந்து என்ன செய்வார்? கலவைப் பலகைக்கும் ஒலிபரப்பிக்கும் நடுவில் ஒரு பெட்டி உண்டு. வெளியே போகிற சத்தத்தை அதுதான் சீர்செய்யும். அதில் கனமான சத்தத்துக்கு ஒரு குமிழ், கூரான சத்தத்துக்கு ட்ரெபிள் என்று ஒரு குமிழ். சலூனில் குரல் மங்கலாகக் கேட்டால், ட்ரெபிளைக் கடுகளவு கூட்டுவார். கடுகளவுதானே என்று எழுதி வைப்பதில்லை. நிலையத்தில் வேறு யாரும் அந்தப் பெட்டியைத் தொடக் கூடாது. அவர் சாப்பாட்டுத் தட்டில் யாராவது கைவைத்தால்கூடப் பொறுத்துக்கொள்வார்.

அந்த வியாழக்கிழமை பஞ்சு கழுவியதற்குக் காரணம் இருந்தது. நிலையப் பொறுப்பாளர் அம்மா முன்பு நூலகத்தில் இருந்தவர். எதையும் சீட்டில் எழுதி வைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. முந்தின நாள் மாலை, தொலைபேசியில் வந்த புகார்களை ஆளுக்கொரு சீட்டாக எழுதி, இருபத்துமூன்று சீட்டைக் கட்டாகக் கொண்டுவந்து பலகை மேல் வைத்திருக்கிறார். 'காதுல ஊசி குத்துது.' 'பாம்பு சீறுற மாதிரி இருக்கு.' 'செய்தி வாசிக்கிற பொண்ணுக்கு முன்பல்லு விழுந்துடுச்சா?' அதில் இரண்டு சீட்டு நான் பார்த்துக்கொண்ட வீடுகளிலிருந்து வந்தவை. படுத்தே கிடக்கிறவருக்கு ரேடியோதான் துணை. அதையே அணைத்துவிட்டார்கள்.

நிலையத்தை நடத்துவது நான்கு பேர் கொண்ட குழு. நகரத்து நிறுவனம் ஒன்று, தாங்களே ஒரு கணினியை வைத்து, அங்கிருந்தபடியே சத்தத்தையெல்லாம் பார்த்துக்கொள்கிறோம் என்று அவர்களிடம் சொல்லியிருந்தது. அடுத்த வியாழன் மாலை கூட்டம். அதற்குள் குறை தீரவில்லை என்றால் பலகையை அவர்களிடம் கொடுத்துவிடுவது என்று பேச்சு.

"அப்போ நான்?" என்று திருகாணி கேட்டிருக்கிறார்.

"உங்களை யாரு போகச் சொன்னா? வாசலைப் பார்த்துக்கலாம். ஜெனரேட்டரைப் பார்த்துக்கலாம்."

"வாசல் எங்கயும் ஓடிப்போகாது மேடம். அதைப் பார்க்க ஆள் எதுக்கு?"

இதை என்னிடம் சொல்லும்போது சிரித்தார். பஞ்சைச் செருகிய கை சிரிக்கவில்லை. அந்த நாற்காலியைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது. பத்தொன்பது வருடத்தில் ஒரே ஒரு முறைதான் அவர் குரல் ஒலிபரப்பில் போயிருக்கிறது. செய்தி வாசிக்கும் பெண்ணுக்கு விக்கல் வந்தபோது, "ஒரு நிமிஷம் பொறுங்க, தண்ணி குடிக்கிறாங்க" என்றார். ஊரே ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தது. மற்றவர் குரல் நன்றாகக் கேட்க வேண்டும் என்பதுதான் அவர் பிழைப்பு.

அந்த ஒரு வாரமும் குறையைத் தேடி அலைந்தார். வெள்ளிக்கிழமை எல்லாக் கேபிளையும் கழற்றி மாட்டினார். சனிக்கிழமை மைக்கை மாற்றினார். ஞாயிற்றுக்கிழமை செய்தி வாசிக்கும் பெண்ணைப் பிடித்துக்கொண்டார். அவளுக்கு முப்பது வயது. வாய் கொஞ்சம் நீளம்.

"ச, ஸ எல்லாம் வர்ற இடத்துல மெதுவா விடும்மா. சீறுதுன்னு எல்லாரும் சொல்றாங்க."

"அண்ணே, 'சாலை சீரமைப்பு'ன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. 'ரோடு ரிப்பேரு'ன்னு வாசிக்கட்டுமா?"

"கொஞ்சம் முகத்தைத் திருப்பி வெச்சுக்கோயேன்."

"சுவரைப் பார்த்து வாசிக்கிறேன். மெத்தை எல்லாம் கேட்டுக்கட்டும். எட்டு மாசமா என் பல்லையே குறை சொல்றீங்க. பல் டாக்டர்கிட்டக் காட்டிட்டேன், எல்லாம் கல்லு மாதிரி இருக்காம்."

திருகாணியின் ஹெட்போனில் அந்தப் பெட்டியைத் தாண்டிய சத்தம் வரும்; அவள் காதில் மாட்டிக்கொள்கிற ஹெட்போனிலோ சத்தம் பெட்டிக்கு முன்னாலிருந்தே வருகிறது. அதனால் அவளுக்கு அவள் குரல் சுத்தமாகத்தான் கேட்டது. குறை எங்கே என்று அவளுக்கும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை, மழையில் மொட்டைமாடிக்கு ஏறி, கம்பத்தின் இணைப்புகளைத் துடைத்தார். குடை பிடிக்கக் கை இல்லை. வியாழன் காலை ஐந்தேமுக்காலுக்கு நான் போனபோது, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கண் சிவந்து, பலகை முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"காய்ச்சலா?"

"சூடுதான் அக்கா. மெஷின் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன்ல."

"மெஷின் நடுங்குதா? நீ நடுங்கறே. வாயைத் திற."

என் பையில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் எப்போதும் இருக்கும். நாக்குக்கு அடியில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் பீப், பீப் என்று அடித்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. ஒலிபரப்பியின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடித்து ஓய்ந்தது. நான் பேசாமல் நின்றேன். நோயாளி என்ன செய்கிறார் என்று பார்ப்பதற்கு முன்னால் எதையும் சொல்லக் கூடாது என்பது எனக்குப் பழகிப்போன பாடம்.

"இன்னும் அடிக்கலையே?" என்றார், உதட்டைப் பிரிக்காமல்.

"அடிச்சு ஒரு நிமிஷம் ஆச்சு."

அதை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தார். "அடிக்கவே இல்லை. பேட்டரி போயிருக்கும்."

நான் துடைத்து, மறுபடி போட்டு, என் கையிடுக்கில் வைத்துக்கொண்டேன். அடித்தது. அவருடைய வலது காதுக்குப் பக்கத்தில் நீட்டினேன். இடது காதுக்கு நீட்டினேன். என் காது எழுபத்தொன்றிலும் பரவாயில்லை. முட்டிதான் போய்விட்டது.

"அடிக்குதா?" என்று கேட்டார்.

"அடிக்குது."

அவர் திரும்பி, ஒலிபரப்பியின் விலாவில் உள்ளங்கையை வைத்தார்.

"நூறு டிகிரி. அது மாத்திரை போட்டா இறங்கிடும். இது இறங்காது தம்பி."

"என் காது சரியாத்தான் இருக்கு. இந்தக் காத்தாடி லேசாத் திணறினாக்கூட மாடிப்படியிலயே எனக்குத் தெரியும்."

"அது கனமான சத்தம். கேக்கும். மெல்லிசான, கூரான சத்தம்தான் முதல்ல போகும். நான் பார்த்துக்கிட்டவங்கள்ல பாதிப் பேருக்கு இதுதான்."

"நான் என்ன படுக்கையிலயா கிடக்கேன்?"

"பன்னிரண்டு வருஷம் ஸ்பீக்கருக்கு நடுவுல நின்னு தூங்கினவன் நீ."

அவர் எழுந்து உள்ளறைக் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்தார். உள்ளே அந்தப் பெண் வாசிக்க வேண்டிய செய்தித் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்காது.

"அக்கா, சாயங்காலம் கூட்டம். ரேடியோக்காரனுக்குக் காது போச்சுன்னு தெரிஞ்சா வாசல்லகூட உட்கார வைக்க மாட்டாங்க. நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் சொல்ல மாட்டேன். ஒரு வீட்டு நோயை அடுத்த வீட்டுல போய்ச் சொல்ற பழக்கம் எனக்கு இல்லை. ஆனா நீ மறைச்சேன்னா இந்த ரேடியோ இப்படியேதான் குத்திக்கிட்டு இருக்கும். அதையும் சொல்லிட்டேன். இந்தா, மாத்திரை. தண்ணி முழுசாக் குடி."

குடித்தார். ஆறு மணிக்கு ஒலிபரப்பு விளக்கு சிவந்தது. கை எப்போதும் போலத் தடுமாறாமல் வேலை செய்தது.

செய்தி முடியும் நேரத்தில் பொறுப்பாளர் அம்மா வந்துவிட்டார். வழக்கமாக ஒன்பது மணிக்கு வருகிறவர். மாலைக் கூட்டத்தை நினைத்துத் தூக்கம் வரவில்லை என்றார். "கண்டுபிடிச்சீங்களா? வீட்டுல இப்போ கேட்டுட்டுத்தான் வர்றேன். இன்னும் கீறுது."

"மேடம், நான் தினமும் கீழே கேக்கறேன். மங்கலாத்தான் இருக்கு. நம்பலைன்னா நீங்களே வந்து கேளுங்க" என்றார் திருகாணி. பிடிவாதம் மட்டும் காய்ச்சலில் குறையவில்லை.

விவசாயப் பேச்சை ஓடவிட்டார். நான்கு பேரும் கீழே இறங்கினோம். திருகாணி, பொறுப்பாளர், அந்தப் பெண், கடைசியாகப் படிக்கு ஒரு தரம் முட்டியைத் திட்டிக்கொண்டு நான்.

சலூன்காரர் ஒருவருக்கு அரைக் கன்னம் மழித்திருந்தார். எங்களைக் கூட்டமாகப் பார்த்ததும் கத்தி நின்றது. ரேடியோவில் விவசாய அதிகாரி சொட்டுநீர்ப் பாசனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். குரல் உண்மையிலேயே மங்கலாக, போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலத்தான் இருந்தது.

"கேட்டீங்களா மேடம்? இதுல எங்க இருக்கு ஊசி?"

பொறுப்பாளர் குழம்பிப்போனார். "என் வீட்டுல இப்படி இல்லையே. இந்த ரேடியோ கெட்டுப்போச்சா?"

"அது கெடலைங்க" என்றார் நாற்காலியில் இருந்தவர், நுரை தடவிய வாயோடு. "இவர்தான் பக்கத்துல இருக்கிற பட்டனைக் குறைச்சு வெச்சிருக்காரு. நாங்க எல்லாரும் சேர்ந்து கத்தினதுக்கு அப்புறம்."

சலூன்காரருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே. கையும் களவுமாக மாட்டிக்கொண்டவர் அப்படித்தான் விழிப்பார்.

"என்ன பட்டன்?" என்றார் திருகாணி.

"டோன்னு போட்டிருக்கே அண்ணே, அது. சேர்ல உட்கார்றவங்க காது கூசுதுன்னு சொன்னாங்க. கூசினா தலையை ஆட்டறாங்க. தலையை ஆட்டினா நான் கத்தியை எங்க வைக்கிறது? அதான் கொஞ்சம் குறைச்சேன். மறுபடி கூசுச்சு. மறுபடி குறைச்சேன். ரெண்டு வருஷமா இப்படித்தான் ஓடுது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"தினமும் எவ்வளவு ஆசையா வந்து நின்னு கேக்கறீங்க. குத்துதுன்னு எப்படி வாய் வரும்?"

நடந்தது இதுதான். இவர் கீழே கேட்டு, மங்கல் என்று மேலே போய் ட்ரெபிளைக் கூட்டுவார். கூட்டியதும் கடையில் காது கூசும். சலூன்காரர் டோனைக் குறைப்பார். மறுநாள் இவர் வந்து கேட்டால் மறுபடி மங்கல். ஒரே சத்தத்தை மாடியில் ஒருவரும் கீழே ஒருவருமாக இரண்டு வருடம் இழுத்திருக்கிறார்கள். இருவருமே நல்ல எண்ணத்தில்.

அந்தப் பெண்தான் முதலில் சிரித்தாள். பிறகு பொறுப்பாளர். நாற்காலிக்காரர் நுரை தெறிக்கச் சிரித்தார்.

"அப்பாடா! அப்போ இதுக்குக் காரணம் இந்தக் கடையா?" பொறுப்பாளர் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துவிட்டார். "இதை அப்படியே எழுதிக் கூட்டத்துல வெச்சிடறேன். குறை தெரிஞ்சுபோச்சு, உங்க மேல தப்பு இல்லை. நகரத்துக்காரங்க யாரும் வேண்டாம்."

அவர் எழுத ஆரம்பித்தார். திருகாணி தப்பித்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன்.

திருகாணி அலமாரி அருகே போய், ரேடியோவின் டோன் குமிழைக் கடைசி வரை கூட்டினார். விவசாய அதிகாரி 'சொட்டுநீர்ப் பாசனம் சிறந்தது' என்று சொல்லவும், கடைக்குள் தகரத்தை ஆணியால் கீறியது போல் இருந்தது. நாற்காலிக்காரர் தோளைக் காதுவரை தூக்கினார். அந்தப் பெண் காதைப் பொத்தினாள். பொறுப்பாளரின் பேனா சீட்டில் கோணலாக ஓடியது. சலூன்காரர் கத்தியை உயரே பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

திருகாணி மட்டும் சும்மா நின்றார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியாக என் முகம். பிறகு குமிழைக் குறைத்தார்.

"மேடம், அதை எழுதாதீங்க."

"ஏன்?"

"உங்க எல்லாருக்கும் கூசுச்சு. எனக்குக் கூசலை. ரொம்ப நல்லா இருக்குன்னு நினைச்சேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவர் குறைச்சது ஒரு தப்பு. ஆனா காது நல்லா இருந்தா மேலே ஹெட்போன்லயே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியலை. காலையில அக்கா தெர்மாமீட்டர் வெச்சாங்க. அது அடிச்சதே எனக்குக் கேக்கலை."

பொறுப்பாளர் எழுதிய சீட்டை இரண்டாக மடித்தார்.

"அப்போ என் பல்லு?" என்றாள் அந்தப் பெண் மெல்ல.

"உன் பல்லு கல்லு மாதிரி இருக்கும்மா. மன்னிச்சுக்கோ."

"அண்ணே, உரை முடிய ஆறு நிமிஷம்தான் இருக்கு" என்று நினைவூட்டினாள். எல்லோரும் ஏறினோம். ஆறரைக்கு நான் உள்ளே உட்கார்ந்து, குளிக்க மறுப்பவர்களை எப்படிக் குளிப்பாட்டுவது என்று பேசினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் விரலை மேலும் கீழும் ஆட்டி, வழக்கம் போல என்னை மைக்கிலிருந்து தள்ளி உட்காரச் சொன்னார்.

மத்தியானம் காது பரிசோதிக்கிற இடத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். தனியாக விட்டால் வழியில் எங்காவது ரேடியோக் கடையில் நின்றுவிடுவார். அவர் மனைவியும் தையலைப் போட்டுவிட்டு வந்தாள். சத்தம் புகாத சின்ன அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். உள்ளே போனதும் முதல் வேலையாகக் கதவின் ரப்பரைத் தடவிப் பார்த்தார். "இந்த ஓரம் பிரிஞ்சிருக்கு. வெளியில ஃபேன் ஓடறது கேக்குது" என்று பரிசோதனைக்காரப் பெண்ணிடம் புகார் சொன்னார். அவள் பொறுமைசாலி.

முடிந்ததும் படம் போட்டுக் கொடுத்தாள். ஒரு கோடு நேராகப் போய், கூரான சத்தங்கள் இருக்கிற வலது ஓரத்தில் மாடிப்படியில் உருண்டது போல் இறங்கியது. திருகாணி அதைக் கையில் வாங்கி, வேறு யாருடைய காதையோ பார்ப்பது போலப் பார்த்தார்.

"மூவாயிரம் ஹெர்ட்ஸ்லயே இறங்க ஆரம்பிச்சு, நாலாயிரத்துல விழுது. அதுக்கு மேல யாரோ வெட்டி எடுத்துட்ட மாதிரி இருக்கே. ரெண்டு காதுலயும் ஒரே மாதிரி."

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" என்றாள் அவள்.

"இதுதான் பார்க்கறேன்" என்றார்.

மனைவிக்கு வேறு கணக்கு இருந்தது. "வாஷிங் மெஷின் முடிஞ்சதும் பீப்னு கத்துமே. அது இவருக்கு நிஜமாவே கேக்காதா?"

"கேட்டிருக்காதும்மா."

"ரெண்டு வருஷமா அதுக்குத் திட்டியிருக்கேன். சரி. 'குழாய் சொட்டுது, சரி பண்ணுங்க'ன்னு நான் சொல்றது?"

பரிசோதனைக்காரப் பெண் படத்தைப் பார்த்தாள். "அது கேட்டிருக்கணும்."

"பார்த்தீங்களா அக்கா! பாதிக்குத்தான் காது காரணம். மீதி இவர்தான்."

காதுக் கருவி செய்து வர மூன்று வாரமாகும் என்றார்கள். போன காது திரும்பி வராது, கருவி உதவும், இனி ஹெட்போனில் சத்தத்தைக் குறைத்து வைக்க வேண்டும். நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் அந்தப் படத்தோடு சொன்னால் ஆண்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.

மாலைக் கூட்டத்தில் நான் இல்லை. பொறுப்பாளர் பிறகு சொன்னதுதான். திருகாணி படத்தை மேசை மேல் வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார். குழுவில் ஒருவர், "காது கேக்காத ஆளை வெச்சு ரேடியோ நடத்தினா ஊர் சிரிக்காதா?" என்று கேட்டிருக்கிறார். அப்போது, உறுப்பினராக இல்லாத செய்தி வாசிக்கும் பெண் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போயிருக்கிறாள்.

"எட்டு மாசம் என் பல்லைக் குறை சொன்ன மனுஷன். கோவம் எனக்குத்தான் அதிகம் இருக்கணும். ஆனா போன வருஷம் ஒலிபரப்பி சூடாகி எரியப் போச்சே, மாடிப்படியிலயே சத்தம் மாறினதைக் கேட்டு ஓடி வந்து அணைச்சது யாரு? நகரத்துல உட்கார்ந்திருக்கிற கம்ப்யூட்டருக்கு அது கேக்குமா? கூரான சத்தத்துக்கு என் காதை எடுத்துக்கட்டும். மத்ததுக்கு அவர் இருக்கட்டும்."

அரை மணி நேரம் இழுபறி. கடைசியில் ஆறு மாதம் பார்க்கலாம் என்று முடிவானது. நாற்காலி அவருக்கே. ஆனால் அந்தப் பெட்டியின் குமிழ் எதையும் அவர் தனியாகத் திருப்பக் கூடாது. இன்னொருவர் கேட்டுச் சொல்ல வேண்டும். திருப்பியதை நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். கேள்வி கேட்டவர், "ஆறு மாசம்தான், சொல்லிட்டேன்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு எழுந்தாராம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. என் நாள் இல்லை. காய்ச்சல் இறங்கிவிட்டதா என்று பார்க்க ஐந்தரைக்குப் போனேன். இறங்கியிருந்தது.

சலூன்காரர் அன்றைக்குச் சீக்கிரம் கடை திறந்திருந்தார். அவர் ரேடியோவின் டோன் குமிழை நடுவில் நிறுத்தி, அதன் மேல் நான் ஒரு பிளாஸ்திரி ஒட்டினேன். "யார் தலையை ஆட்டினாலும் இதைத் தொடக் கூடாது. மேலே வந்து சொல்லணும்" என்றேன். "சொல்லிடறேங்க" என்றார். இப்போது பயந்த மாதிரி இருந்தது.

அந்தப் பெண் ரேடியோ முன்னால் நின்று, கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டாள். மேலே திருகாணி ஒலிபரப்பியைப் போட்டு, முந்தின நாள் செய்திப் பதிவை ஓடவிட்டு, பெட்டியின் முன்னால் குந்தியிருந்தார். நான் மேலே ஏறிவிட்டேன். கைபேசியை அவர் சத்தமாக வைத்திருந்ததால் இரண்டு பக்கமும் எனக்குக் கேட்டது.

"எட்டரையில இருக்கு. குறைக்கிறேன். ஏழு. எப்படி?"

"பாம்பு அப்படியேதான் இருக்கு."

"ஆறு."

"பாம்பு கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு."

"அஞ்சு."

"பாம்பு இல்லை. கொசு இருக்கு."

"நாலு. இப்போ?"

"இருங்க... கொசு போயிடுச்சு. இன்னும் லேசா இறக்குங்க. அவ்வளவுதான். நிறுத்துங்க! இப்போ மனுஷி பேசறா."

குமிழ் மூன்றரையில் நின்றது. திருகாணி ஹெட்போனை மாட்டிக் கேட்டார். முகத்தைச் சுளித்தார்.

"எனக்கு இது கம்பளிக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கு."

"இருக்கட்டும்ணே. கேக்கறது நீங்க மட்டும் இல்லையே" என்றது கைபேசி.

அவர் விரல் குமிழின் மேல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு எடுத்துவிட்டார். மூன்றரைக்கு நேராக வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டார். புது நோட்டின் முதல் பக்கத்தில் தேதி, நேரம், 'ட்ரெபிள் எட்டரையிலிருந்து மூன்றரை' என்று எழுதி, 'திருப்பியவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். அவள் மூச்சு வாங்க மாடி ஏறி வந்து, 'கேட்டவர்' என்ற இடத்தில் போட்டாள்.

ஆறு மணிக்குச் செய்தி போனது. சாலை சீரமைப்பு அன்றைக்கும் இருந்தது. அவள் மைக்கை நேராகப் பார்த்தே வாசித்தாள்.

ஏழு மணிக்குத் திருகாணி புகார்ச் சீட்டுக் கட்டை எடுத்துவைத்துக்கொண்டு, முதல் சீட்டில் இருந்த எண்ணுக்கு அடித்தார்.

"வணக்கம், வானொலி நிலையத்துலேர்ந்து பேசறேன். குத்துதுன்னு சொல்லியிருந்தீங்க. இன்னைக்கு எப்படி இருக்கு?"

"இன்னைக்குப் பரவாயில்லைங்க. தெளிவா இருக்கு. ஆமா, ஏன் அதே நாலு பாட்டையே திருப்பித் திருப்பிப் போடறீங்க?"

"அது மேடம் பார்க்கிற வேலை. எழுதிக்கிறேன்" என்று சொல்லி, சீட்டின் பின்புறம் எழுதிக்கொண்டு, இரண்டாவது எண்ணை அடித்தார்.